உசுரு மீன்

சிவசக்தி படகில் ஏறியபோது ரஜீவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் அவளைப் பார்க்கவில்லை. முன்பலகையில் அவள், பின்பலகையில் அவன், நடுவில் மீன் தொட்டி. ஒரே தோட்டத்தில் இருந்துகொண்டு, ஒரே பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்த புருஷனும் பெண்டாட்டியும் ஒரே படகில் போவதைப் பார்க்கக் கரையில் சின்னக் கூட்டமே நின்றது.

லுணுகலைக்குக் கீழே, தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அந்த டேம். அணை கட்டியபோது தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கின் லயங்கள், தொழிலாளர் வரிசை வீடுகள், தண்ணீருக்குள் போயின. அங்கே இருந்தவர்களுக்கு மேலே வேறு லயம் கட்டிக் கொடுத்தார்கள். மலையேறிக் கொழுந்து பறிக்கப் பிடிக்காத சிலர் மீன்பிடிச் சங்கத்தில் சேர்ந்தார்கள். கல்யாணமான புதிதில் ரஜீவும் சிவசக்தியும் அப்படித்தான் சேர்ந்தார்கள். இரண்டு பேர் பெயரிலும் ஒரு ஃபைபர் படகு கிடைத்தது. சேர்ந்து வாழ்ந்தவரை அது வசதியாக இருந்தது. பிரிந்த பிறகு அதுவே வினையாகிவிட்டது.

பிரிந்த கதை தோட்டம் முழுக்கத் தெரியும். இரண்டாவது தடவையும் கரு கலைந்து, பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, பஸ் மாறி மாறி அவள் வீடு வந்து சேர்ந்த அன்று, ரஜீவ் கூட்டாளிகளோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே, "வந்துட்டியா? எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்து," என்றான். அவள் ஊற்றினாள். எல்லாருக்கும் கொடுத்தாள். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு தன் துணிமணியை ஒரு உரப்பையில் திணித்துக்கொண்டு, மேல் லயத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதுவரை அவனை 'நீங்க' என்றே சொல்லிப் பழகியவள், மறுநாள் அவன் கூப்பிட வந்தபோது வாசலில் நின்று, "நீ போ. நான் வரல," என்றாள். கை ஓங்கி அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு உறைத்திருக்காது. லயமே கேட்க அவள் சொன்ன அந்த ஒற்றை எழுத்தை அவன் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

படகு விவகாரம் சங்கத் தலைவர் சின்னராசாவிடம் போனது. "ரம்பம் வச்சு அறுத்தா பங்கு போட முடியும்? ஒருநாள் விட்டு ஒருநாள் ஆளுக்கு ஆள் எடுங்க," என்று அவர் தீர்த்து வைத்தார். அப்படியே எடுத்தார்கள். ஆனால் அவன் தன் நாள் முடிந்து போகும்போது தூண்டில் நரம்பையெல்லாம் பிரிக்க முடியாதபடி சிக்கலாக்கிவிட்டுப் போவான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அவன் உட்காரும் பலகையில் மீன் குடலைத் தேய்த்துவிட்டு, கழுவாமல் வருவாள். வெயிலில் அது நாறிக் கிடக்கும்.

இந்த லட்சணத்தில்தான் முஸ்தாக் வந்து சேர்ந்தார். பதுளையில் மீன் வியாபாரம் செய்கிறவர்.

"செத்த மீன் எனக்கு வேணாம்," என்றார் அவர் சங்கக் கட்டடத்தில் வைத்து. "எல்ல டவுன் பக்கம் ஹோட்டல்ல கண்ணாடித் தொட்டி வச்சிருக்காங்க. வெள்ளைக்காரன் வந்து, இந்த மீனைப் பொரிச்சுக் கொண்டான்னு விரலை நீட்டுவான். எனக்கு உசுரு மீன்தான் வேணும். கரையில இறக்கும்போது துள்ளணும். துள்ளலன்னா எடுக்க மாட்டேன்."

டேமில் ஓடிய படகுகளில் தொட்டி வைத்தது ஒன்றுதான். நல்லாயிருந்த காலத்தில் ரஜீவே செய்தது. படகின் நடுவில் இரண்டு பக்கமும் பலகை அடைத்து, ஃபைபர் ஒட்டி, அடியில் முன்னுக்கு ஒரு துளை, பின்னுக்கு ஒரு துளை போட்டிருந்தான். படகு ஓடினால் முன் துளையால் டேம் தண்ணீர் உள்ளே வந்து, பின் துளையால் வெளியே போகும். படகு நின்றால் உள்ளே இருக்கிற தண்ணீரும் நின்றுவிடும்.

"இதுக்கு ரெண்டு பேர் வேணும்," என்றார் சின்னராசா. "ஒருத்தர் துடுப்புப் போட, ஒருத்தர் தொட்டியப் பாக்க. படகுல பேர் பதிஞ்சவங்க தவிர வேற யாரும் ஏறக்கூடாது. சட்டம் அப்படி. நீங்க ரெண்டு பேரும் சம்மதிச்சா சரி. இல்லாட்டி அவர் வேற டேமைப் பாத்துப் போயிருவாரு."

சிவசக்தி சம்மதித்தாள். அண்ணன் வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர் படுத்தார்கள். அண்ணியின் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தது. தனியாக ஒரு கூரை தேடிக்கொள்ள வேண்டுமானால் இதைவிட்டால் வழியில்லை. ரஜீவ் ஏன் சம்மதித்தான் என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். அவன் பேச வருவது அண்ணன் வீட்டு வாசலில் என்றால் அவள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடலாம். நடு டேமில் எழுந்து எங்கே போவாள்?

முதல் நாள் கண்றாவியாக முடிந்தது.

வலையில் பட்டால் செவுள் கிழியும் என்று தூண்டில் போட்டுத்தான் பிடித்தார்கள். திலாப்பியா நன்றாகவே கடித்தது. ரஜீவ் தூண்டிலைக் கழற்றியதும் மீனை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துப் பிடித்து, இருந்த இடத்திலிருந்தே தொட்டிக்குள் எறிந்தான். சில மீன் பலகையில் மோதி விழுந்தது.

"போதும். இதுக்கு மேல போட்டா நெருக்கும்," என்றாள் அவள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

அவன் இன்னொன்றை எறிந்தான். அவள் மறுபடி சொன்னாள். இரண்டை எறிந்தான். அவள் சொல்லச் சொல்ல அவனுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. வெயில் ஏறியது. திரும்பும்போது அவன் கை வலிக்கிறது என்று நிறுத்தி நிறுத்தித் துடுப்புப் போட்டான். பாதி வழியிலேயே தொட்டிக்குள் வெள்ளை வயிறுகள் மிதக்கத் தொடங்கின. அவள் செத்ததை எடுத்து எறிந்தாள். எடுக்க எடுக்க மிதந்தது. இருந்த தண்ணீரும் கொழகொழவென்று நுரைத்துப் போயிற்று.

கரையில் முஸ்தாக் தொட்டியை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய மீன்தான் துள்ளியது. அதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"என்னப்பா இது?" என்றார் சின்னராசா.

ரஜீவ் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினான். "எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? தொட்டியப் பாத்தது அவ. அவ கையில எதுதான் உசுரோட நின்னிருக்கு?"

கரையில் யாரும் சிரிக்கவில்லை. கெட்டதைக் கேட்டுவிட்டதுபோல ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிவசக்திக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. தொட்டியில் மிச்சம் கிடந்த செத்த மீன் ஒன்றை எடுத்து அவன் முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்தால் இன்றைக்கு அறைந்ததுதான் பேச்சாகும், அவன் சொன்னது மறைந்துவிடும். அதனால் அறையவில்லை. செத்த மீனையெல்லாம் அள்ளிக் கூடையில் போட்டாள். தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள்.

முஸ்தாக் லொறியில் ஏறப் போனபோது பின்னாலேயே போனாள்.

"முஸ்தாக் நானா, இந்த லொறித் தொட்டியில பதுளைக்கு எப்படி உசுரோட கொண்டு போறீங்க? சொல்லித் தாங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் அழுதிருந்தால் ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவள் கேட்ட விதத்தில் கோபம்தான் இருந்தது. திறந்த கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கம் வந்தார்.

"தண்ணிக்குள்ள இருந்தா மீனுக்குப் போதும்னு நினைக்காதீங்க தங்கச்சி. மீன் தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டிச் சாகும். தண்ணி ஓடணும். நெருக்கிப் போடக்கூடாது. காய்ஞ்ச கையால தொட்டா மேல இருக்கிற வழுவழுப்பு போயிரும், அப்புறம் புண்ணு வரும். கையை நனைச்சுட்டுத்தான் தொடணும். மூடி போட்டு இருட்டா வச்சா அடங்கிக் கிடக்கும். வெயில் ஏறுனா மேல்தண்ணி சுடும், அடித்தண்ணியா மொண்டு ஊத்துங்க. கொஞ்சம் கல்லுப்பு கரைச்சு விட்டா மிரட்சி குறையும். ஒண்ணு செத்தா உடனே எடுத்துறணும். விட்டா மத்ததையும் கூட்டிட்டுப் போயிரும்." லொறிக் கதவைத் திறந்துகொண்டே, "இன்னொரு தடவைதான் பாப்பேன்," என்றார்.

அடுத்த தடவை அவள் ஒரு டின்னில் கல்லுப்பு, தொட்டியை மூட நனைத்த சாக்கு, கயிறு கட்டிய வாளி எல்லாம் கொண்டுவந்தாள். பாவாடைக்கு மேல் அண்ணனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"மீனுக்குச் சோறாக்கப் போறியா?" என்றான் ரஜீவ்.

"கையை நனைச்சுட்டுத் தொடு. எறியாத, எங்கிட்டக் குடு. நான் போதும்னா போதும்."

"நீ யாரு எனக்கு உத்தரவு போட?"

"பேர் பதிஞ்சவ."

அவன் தண்ணீரில் காறித் துப்பினான். ஆனாலும் அன்று மீனை அவள் கையில்தான் கொடுத்தான். அவள் ஒவ்வொன்றாக வாங்கி, முதுகு முள் குத்தாமல் நனைந்த கையால் அணைத்துத் தொட்டிக்குள் நழுவ விட்டாள். சாக்கை மூடினாள். வாளியைக் கயிற்றோடு ஆழத்துக்கு விட்டுக் குளிர்ந்த தண்ணீராக மொண்டு ஊற்றினாள். அவ்வப்போது சாக்கை ஒரு ஓரமாகத் தூக்கிப் பார்த்தாள். மீன்கள் அடியில் அடங்கி, ஒரே பக்கம் தலை வைத்து, செவுள் நிதானமாகத் திறந்து மூடக் கிடந்தன. அதைப் பார்க்க அவளுக்கு நெஞ்சில் ஏதோ பாரம் இறங்கினாற்போல் இருந்தது. மதியத்துக்கு முன்பே, "போதும். திருப்பு," என்றாள்.

அவன் திருப்பவில்லை. இன்னும் ஒரு தூண்டிலை இழுத்தான். கைமுட்டி கனத்துக்கு ஒரு விரால் வந்தது. அவள் கை நீட்டுவதற்குள் சாக்கை விலக்கி அதைத் தொட்டிக்குள் விட்டுவிட்டான்.

"விரால் மத்த மீனைக் கடிக்கும். அதை வெளிய எடு."

"அதுதான் நல்ல மீன். அது இருக்கட்டும்."

தொட்டிக்குள் தடதடவென்று சத்தம் கேட்டது. அடங்கிக் கிடந்த மீனெல்லாம் பலகையில் மோதின. ஒரு திலாப்பியா வால் கிழிந்து மேலே வந்தது. அவள் இரண்டு கையையும் விட்டு, விராலைச் செவுளுக்குக் கீழே பிடித்துத் தூக்கி, டேமுக்குள் விட்டாள்.

ரஜீவ் இரண்டு துடுப்பையும் உள்ளே இழுத்துப் பலகைக்குக் குறுக்கே போட்டு, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். சட்டைப் பையிலிருந்து பீடியை எடுத்துப் பற்ற வைத்தான்.

"இப்ப பேசுவோம்," என்றான்.

"என்ன பேச?"

"வீட்டுக்கு வா."

காற்று இல்லை. கரை கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் கூப்பிட்டால் கேட்காது. வெயில் தண்ணீரில் பட்டு முகத்தில் அடித்தது. படகு இருந்த இடத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டு நின்றது.

"கரைக்குப் போய்ப் பேசலாம். மீன் செத்துரும்."

"சாகட்டும். நீ வரேன்னு சொல்லு. தலைவர் முன்னுக்கு, லயத்து ஆளுங்க முன்னுக்கு, 'நான் செஞ்சது பிழை'ன்னு நீ சொல்லு. நீங்கன்னு கூப்பிடு. அப்புறம் துடுப்புப் போடுறேன்."

"உனக்கு வெக்கமா இல்லையா?"

"அந்தக் கேள்வியை நான்தான் கேக்கணும். புருஷன விட்டுட்டுப் போயி அண்ணன் சோத்தத் திங்கிறவ நீ."

அவள் எழுந்து துடுப்பைப் பிடித்து இழுத்தாள். அவன் ஒரு கையாலேயே தள்ளினான். பலகையில் முழங்கை இடித்து, கை விரல்வரை மரத்துப் போயிற்று. மறுபடி போகவில்லை. பலத்தில் அவனோடு முடியாது என்பது அவளுக்குப் புதிதில்லை.

சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். மீன்கள் அடியை விட்டு மேலே வந்துவிட்டன. வட்டமாக வாயைத் திறந்து திறந்து, தண்ணீரின் மேல்விளிம்பை உறிஞ்சின. அவள் வாளியை எடுத்து மொண்டு ஊற்றத் தொடங்கினாள். உயரத் தூக்கி, சடசடவென்று விழும்படி ஊற்றினாள். கை ஓயும்வரை ஊற்றினாள். மீன்கள் கொஞ்சம் கீழே இறங்கின. அவன் பீடியை முடித்து அடுத்ததைப் பற்ற வைத்தான். அவள் குனிந்து மொள்ளும் நேரம் பார்த்துக் காலை நீட்டி வாளியை உதைத்தான். கயிறு கையிலிருந்து நழுவியது. வாளி சாய்ந்து தண்ணீர் குடித்து, கண்ணெதிரே கீழே போய்விட்டது.

"உப்பு டின்னு இருக்கே. அதுல ஊத்து," என்று சிரித்தான்.

அவள் டின்னால் ஊற்றிப் பார்த்தாள். அது போதவில்லை. மீன்கள் மறுபடி மேலே வந்தன. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. எல்லாவற்றையும் திறந்து டேமுக்குள் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். உயிராவது பிழைக்கும். ஆனால் வெறும் தொட்டியோடு போய்க் கரையில் இறங்கினால் அவன் அன்று சொன்ன அதே பேச்சை மறுபடி சொல்வான். இந்த முறை எல்லாரும் நம்பிவிடுவார்கள். இதற்குமேல் முஸ்தாக் வரப்போவதில்லை. அவளும் அந்த ஒரே அறையில் ஏழாவது ஆளாகவே கிடக்க வேண்டியதுதான்.

ஒரு நுனி படகின் மூக்கிலும் மறுநுனி ஒரு கல்லிலும் கட்டிய நங்கூரக் கயிறு அங்கே சுருண்டு கிடந்தது. கல்லை அவிழ்த்துப் படகுக்குள் உருட்டினாள். கயிற்றின் நுனியை இரண்டு கக்கத்துக்கும் கீழாகச் சுற்றி நெஞ்சில் முடிச்சுப் போட்டாள். சாக்கை இழுத்துத் தொட்டியை நன்றாக மூடினாள். பாவாடையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினாள்.

"என்னடி பண்ற?" என்றான் ரஜீவ்.

அவள் தண்ணீரில் இறங்கினாள்.

சின்ன வயதில் அவளும், கீழ்க்கணக்கிலிருந்து மேலே வந்த மற்றப் பிள்ளைகளும் இந்தத் தண்ணீரில்தான் நீந்தப் பழகினார்கள். பெரியவளான பிறகு அவள் இறங்கியதில்லை. முதல் நாலு வீச்சு கையில் வந்தது. அப்புறம் கயிறு விறைத்து நெஞ்சை இறுக்கியது. படகு நகரவே இல்லை. காலை உதைத்து உதைத்து, கையால் தண்ணீரை வாரி வாரிப் பின்னுக்குத் தள்ளினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றின் கனம் குறைந்தது. படகு அசையத் தொடங்கியிருந்தது. நகர்ந்தால் போதும். நகர்ந்தால் துளைக்குள் தண்ணீர் ஏறும். வேகம் வேண்டியதில்லை. நிற்காமல் இருந்தால் போதும்.

ரஜீவ் முதலில் சிரித்தான். "மாடு கட்டி இழுக்குற மாதிரி இருக்கு," என்றான். கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பு நின்றது. "பைத்தியமா ஒனக்கு? ஏறு. செத்துக் கித்துப் போயிராத, நான் பதில் சொல்ல வேண்டி வரும்." அவள் மூச்சை அவனுக்காகச் செலவழிக்கவில்லை. தண்ணீர் மூக்கில் ஏறியது. தோள்பட்டை தீயாக எரிந்தது. முடிச்சு உராய்ந்து சட்டைக்குள் தோல் உரிந்தது. களைத்தபோது மல்லாந்து கிடந்து காலை மட்டும் உதைத்தாள். அப்போது படகின் மூக்குக்கு மேலே அவன் தலை தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

கரையில் லொறி வந்து நின்றிருந்தது. முஸ்தாக்கின் ஆட்கள்தான் முதலில் கண்டார்கள். படகு வருகிறது, துடுப்பு அசையவில்லை, ஆண்பிள்ளை பின்பலகையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான், முன்னால் தண்ணீரில் ஒரு பெண்ணின் தலை. கூட்டம் சேர்ந்தது. யாரோ விசிலடித்தார்கள். "ரஜீவு, சவாரி எப்படி?" என்று ஒரு குரல் தண்ணீர் மேல் தெளிவாக வந்தது.

துடுப்பு பலகையில் உரசும் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். அவன் பதறிப்போய் ஒரு துடுப்பை எடுத்திருந்தான்.

"தொடாத," என்றாள்.

"ஏறுடி. நான் போடுறேன்."

"நீ துடுப்பைத் தண்ணியில வச்சா நான் கயித்த அவுத்துட்டு மறுகரைக்கு நீந்திப் போயிருவேன். நீ தனியா வந்து கரையில இறங்கு. பொண்டாட்டி எங்கன்னு கேப்பாங்க. பதில் சொல்லிக்க."

அவன் துடுப்போடு நின்றான். மீனுக்காக என்றால் அவள் அந்த நேரம் அவனைத் துடுப்புப் போட விட்டிருக்கலாம். கரை பக்கத்தில்தான் இருந்தது, கையும் காலும் அவளுக்குச் செத்துவிட்டிருந்தன. ஆனால் இப்போது அது மீனுக்காக மட்டும் இல்லை. அவன் உட்கார்ந்தே வர வேண்டும். அத்தனை கண்ணும் அதைப் பார்க்க வேண்டும்.

"உக்காரு," என்றாள்.

அவன் உட்கார்ந்தான்.

கால் சேற்றில் பட்டதும் எழுந்து நிற்கப் பார்த்தாள். முடியவில்லை. முழங்காலிலேயே ஊர்ந்து, கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தாள். சின்னராசா ஓடிவந்து அவளைத் தூக்கப் போனார். அவள் அவர் கையைத் தள்ளிவிட்டு, "தொட்டியப் பாருங்க," என்றாள்.

முஸ்தாக் சாக்கை விலக்கினார். இரண்டு மீன் செத்திருந்தது, அதில் ஒன்று வால் கிழிந்தது. மற்றதெல்லாம் அடியில் கறுத்த முதுகோடு நின்றன. அவர் கையை நனைத்து ஒன்றைத் தூக்கினார். அது அவர் முகத்தில் தண்ணீரை அடித்துத் துள்ளியது.

"எல்லாத்தையும் எடுக்கிறேன்," என்றார்.

ரஜீவ் படகை விட்டு இறங்கினான். "நான் கயிறு கட்டச் சொன்னேனா? பைத்தியக்காரி. எல்லாம் வேஷம்," என்று கத்தினான். சின்னராசா படகுக்குள் குனிந்து இரண்டு துடுப்பையும் தொட்டுப் பார்த்தார்.

"வெயில்ல காய்ஞ்சு சுடுதுடா," என்றார். ஆட்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி அவனுக்கு வழி விட்டார்கள். அவன் அந்த வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு மேலே ஏறிப் போனான்.

அன்று சாயந்தரமே சிவசக்திக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. எழுந்து நடமாடி அவள் டேமுக்குப் போனபோது, தொட்டி உடைந்து கிடந்தது. ரஜீவ் அலவாங்குக் கம்பியால் குத்திப் பலகையைப் பிளந்து, ஃபைபரைக் கிழித்து, படகின் அடியிலும் ஒரு ஓட்டை போட்டிருந்தான். பாதிப் படகு தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. தன் கையால் செய்ததைத் தன் கையால் உடைத்துவிட்டு, வெலிமடைக்கு மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சிவசக்தி கரையில் நின்று, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி அவனைத் திட்டினாள். கேட்க அவன் இல்லை என்பதால் இன்னும் கோபம் வந்தது.

படகை உடைத்தவன் பெயர் படகில் இருக்கக்கூடாது என்று சங்கம் கூடி முடிவெடுத்தது. அவன் வந்து கேட்கவும் இல்லை. பெயர் வெட்டுப்பட்ட இடத்துக்கு ஆள் தேடியபோது யாரும் முன்வரவில்லை. அவளோடு போனால் ரஜீவ் திரும்பி வந்ததும் வம்பு வரும் என்று பயந்தார்கள்.

கடைசியில் கை தூக்கியது துஷாந்தினி. ரஜீவின் கூடப்பிறந்த தங்கச்சி. சிவசக்தி வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து, 'எங்கண்ணன் வாழ்க்கையக் கெடுத்தவ' என்று பீலியடியில் நின்று பேசியவள்.

கூட்டம் கலைந்ததும் சிவசக்தி அவளை வழியில் மறித்தாள். "எதுக்கு வர்ற? அவன் சொல்லி அனுப்பினானா?"

"அவன் சொல்லி நான் எதுக்கு வரணும்? எனக்குத் தொழில் வேணும்."

"நான் உன்னை நம்பல."

"நம்ப வேணாம். எனக்கும் உன்னைப் பிடிக்கல. உன்னைக் கூப்பிட வந்த எங்கம்மாவ நீ வாசல்ல நிக்க வச்சுப் பேசினத நான் மறக்கல. அதுக்காக, அவன் தண்ணியில செஞ்சது சரின்னு சொல்ல மாட்டேன். அன்னைக்கு நானும் கரையில நின்னேன்." துஷாந்தினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அண்ணின்னெல்லாம் கூப்பிட மாட்டேன்."

"கூப்பிடாத."

படகைச் செப்பனிட்டார்கள். ஓட்டையை அடைத்து, புதுப் பலகை வைத்துத் தொட்டி கட்டினார்கள். முஸ்தாக் எதுவும் கேட்காமல் காத்திருந்தார்.

முதல் நாள் இருவரும் கரை விட்டுப் போனபோது வேடிக்கை பார்க்க யாரும் நிற்கவில்லை. துஷாந்தினிக்கு அண்ணனின் உடம்பு, நல்ல பலம். துடுப்பை நீளமாக, சீராகப் போட்டாள். சிவசக்தி சொன்னதைக் கேட்டாள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் எதிர்க்கேள்வி கேட்டாள். உப்பு எதற்கு, சாக்கு எதற்கு, இன்னும் நாலு போட்டால் என்ன. சிவசக்தி எரிச்சலோடு பதில் சொன்னாள். ஒரு தடவை, "வாய மூடிட்டுப் போடு," என்றாள். துஷாந்தினி, "மீனுக்குத்தான் மூடி, எனக்கில்ல," என்றாள்.

அன்று ஒரு மீனும் சாகவில்லை. லொறி போன பிறகு படகைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இருவரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சிவசக்தி ஒரு கல்லில் உட்கார்ந்தாள். துஷாந்தினி தள்ளிப் போய் வேறு கல்லில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவும்போது, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் துஷாந்தினி.

"வெயில் ஏறுறதுக்கு முந்தி."

"சரி," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மேடேறிப் போனாள் அவள்.